திராட்சைக்குக் கொடுத்த வாட்டம்

திருமுடிவாக்கத்தில் என் கணவர் வேலை பார்த்த லேத் பட்டறையை மூடியபோது, முதலாளி ஆளுக்கொரு எவர்சில்வர் தட்டைக் கொடுத்து அனுப்பினார். அதே வாரம் ஒரு கல்யாணத்துக்காகக் கம்பத்திலிருந்து வந்த அவருடைய அக்கா வீட்டுக்காரர், தன் தோட்டத்துப் பன்னீர்த் திராட்சைக் குச்சி ஒன்றை ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்து தந்தார். தட்டு பரணுக்குப் போனது. குச்சியைப் பொழிச்சலூர் வீட்டின் பின்புறம் நட்டுவிட்டு, அதன் எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்தார் என் கணவர். எழுந்திருக்கவே இல்லை.

காலையில் நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது எப்படி இருந்தாரோ, பாடம் நடத்திவிட்டுத் திரும்பும்போதும் அப்படியே இருப்பார். வேறு பட்டறை பார்க்கலாமே என்றால், "கொடிக்குத் தண்ணி யாரு பாக்கறது?" என்பார். சத்தியமாக எனக்கு அந்தக் கொடி மேல் ஓர் அக்கறையும் இல்லை. ஆனால் அது பட்டுப்போனால் இந்த மனிதரும் கூடவே சுருண்டுவிடுவார் என்ற பயம் இருந்துகொண்டே இருந்தது.

கொடி பந்தல் ஏறியது. மழைதான் வரவில்லை. கிணறு வற்றி, போர் வெறும் காற்றை இறைத்து, லாரித் தண்ணீருக்காகத் தெருவே குடமும் கையுமாக நின்ற வறட்சி வருஷம் அது. அவர் கம்பத்துக்குப் போன் போட்டார். கம்பத்துக்காரர் போனில் கத்தித்தான் பேசுவார். சமையலறையில் இருந்த எனக்கே கேட்டது.

"மாப்ள, கவாத்து வெட்றதுக்கு முன்னாடி கொடிக்கு நல்லா வாட்டம் குடு. வாட்டம் குடுத்தாத்தான் காய் புடிக்கும்."

போனை வைத்த கையோடு போய்க் கொத்தனாரைக் கூட்டி வந்தார்.

"பின்னாடி பூரா சிமென்ட் போட்டு, தண்ணி ஓடற மாதிரி வாட்டம் குடுக்கணும்பா. அடிக்குக் கால் அங்குலம்."

"குட்த்துடலாம் சார். தண்ணி தெரு பக்கம் போணுமா, சந்து பக்கம் போணுமா?"

"செடி பக்கம்."

கொத்தனார் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "இன்னா சார் நீ? அல்லாரும் தண்ணி வெளிய போறதுக்கு வாட்டம் கேப்பாங்க. நீ உள்ள வர்றதுக்குக் கேக்குற."

"திராட்சைக்கு அப்படித்தான். கம்பத்துலயே சொல்லிட்டாங்க."

என் கணவர் பட்டறையில் அளவு சரிபார்க்கும் வேலையில் இருந்தவர். ரசமட்டத்தை வைத்து வைத்துப் பார்த்தார். எந்த மூலையில் ஒரு சொட்டு விட்டாலும் அது கொடியின் காலடிக்கு ஓடியது. அப்படியொரு சுத்தமான வாட்டம் பொழிச்சலூரில் வேறு யார் வீட்டிலும் கிடையாது.

பிறகு அங்கேயே தட்டி கட்டி, இனி எல்லோரும் அந்தத் தரையில் நின்றுதான் குளிக்க வேண்டும் என்று சட்டம் போட்டார். சோப்பு கொடிக்கு ஆகாதாம், பயத்தம் மாவுதான். வீட்டுக்கு வருபவர்களைக் காபி சாப்பிடுகிறீர்களா என்று கேட்பதற்கு முன்னால் குளிக்கிறீர்களா என்று கேட்டார். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போய்விட்டு எட்டிப்பார்த்த என் தம்பியிடம், "மச்சான், அடுத்த தடவை ஒரு குடம் தண்ணியோட வா, குளிச்சிட்டுப் போ" என்றார். தம்பி அப்புறம் வரவே இல்லை.

கொடி தளதளவென்று வளர்ந்தது. இலை, இலை, மறுபடியும் இலை. பூவும் இல்லை, பிஞ்சும் இல்லை. பக்கத்து வீட்டு அக்கா பக்ரீத்துக்கு வாங்கிக் கட்டியிருந்த ஆட்டுக்கு அதைப் பறித்துக்கொண்டு போனார். எங்கள் விவசாயத்தில் தேறியது அந்த ஆடுதான்.

அடுத்த ஐப்பசியில், இரண்டு வருஷத்துக்குப் பெய்ய வேண்டியது ஒரே மூச்சில் பெய்தது. தெருத் தண்ணீர் வாசல் வழியாக வந்து, கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, பின்கதவு வழியாக நேரே கொடியிடம் போய்ச் சேர்ந்தது. என் கணவர் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு கொடியின் தூருக்குக் குடை பிடித்தார். நான் வாளியில் மொண்டு மொண்டு சுவருக்கு அந்தப் பக்கம் ஊற்றினேன். அது சுற்றிக்கொண்டு வாசல் வழியாகத் திரும்பி வந்தது.

இலைகள் மஞ்சளடித்தன. மறுபடியும் கம்பத்துக்குப் போன்.

"வாட்டம் குடுத்தியா மாப்ள?"

"குடுத்தேன் மச்சான். அடிக்குக் கால் அங்குலம்."

"அங்குலமா?"

இவர் விளக்கினார். அதன்பின் கம்பத்துக்காரர் கத்தியதற்குப் போனே தேவைப்பட்டிருக்காது.

"அடப்பாவி, கொடிய வாட விடச் சொன்னேன்யா! தண்ணிய நிறுத்திப் பட்டினி போடணும். இலை தொங்கணும். அப்புறம் வெட்டிவிட்டுத் தண்ணி குடுக்கணும். எந்நேரமும் மடியில வச்சு ஊட்டிக்கிட்டிருந்தா அது எதுக்குக் காய்க்கப் போகுது?"

இதோடு மனிதர் படுத்துவிடுவார் என்று நினைத்தேன். அவரோ கடப்பாறையை எடுத்துக்கொண்டு மழையில் இறங்கினார். நான் சுத்தியலோடு பின்னாலேயே போனேன். வாய்க்கு வந்தபடி ஒருவரையொருவர் திட்டிக்கொண்டே சந்துப் பக்கம் சிமென்ட்டை உடைத்துத் தண்ணீருக்கு வழிவிட்டோம்.

கொடி பிழைத்தது. மாசியில் நான் தண்ணீரை நிறுத்தினேன். இலைகள் தொங்க ஆரம்பித்தன. அவர் கை சும்மா இருக்காது என்று பின்பக்கக் குழாயைப் பூட்டிச் சாவியைப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப் போனேன்.

"இதைக் கண்ணால பாக்க முடியலடி" என்று காலையிலேயே சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பினார். எங்கே போவார்? பழகிய கால் திருமுடிவாக்கத்துக்கே கொண்டுபோய் விட்டிருக்கிறது. அங்கே ஏதோ ஒரு பட்டறை வாசலில் நின்று வேடிக்கை பார்த்தவர், உள்ளே அளவு தப்பாக எடுக்கிறார்கள் என்று போய்ச் சண்டை பிடித்திருக்கிறார். அவர்கள் மறுநாளும் வரச் சொன்னார்கள். அதற்கடுத்த நாளும். கடைசியில் கம்பத்துக்காரர் போனில் சொல்லச் சொல்லக் கொடியைக் கவாத்து வெட்டித் தண்ணீர் விட்டது நான்தான்.

சித்திரையில் கம்பத்துக்காரரே போனில் கூப்பிட்டார். "என்னா தங்கச்சி, வாட்டம் குடுத்தது புடிச்சுச்சா?"

பின்கதவு வழியாகப் பார்த்தேன். கொடியில் பயறு பயறாகப் பிஞ்சு. அதன் எதிரே முக்காலி காலியாகக் கிடந்தது.

"புடிச்சிடுச்சு அண்ணே" என்றேன். "ஃபர்ஸ்ட் ஷிப்ட்டுக்குப் போயிருக்காரு."