சித்தி தப்பாகச் சொன்ன பதில்

என் சித்திக்கு நான் வாத்தியாராக இருந்தது மொத்தம் மூன்று மாதம். அப்போது நான் பதினொரு வயதுச் சிறுமி, அவளுக்கு வயது முப்பது. பாடம் ஸ்பானிஷ். அதற்கு முந்தின வாரம் வரை எனக்கும் அந்தப் பாஷையில் ஓர் எழுத்துகூடத் தெரியாது என்பதை நாங்கள் இருவரும் பெரிய குறையாக எடுத்துக்கொள்ளவில்லை.

சித்தி அம்மாவின் தங்கை. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து எங்களோடுதான் இருந்தாள். தூத்துக்குடியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நோயாளிகளைக் குளிப்பாட்டி, உடை மாற்றிவிடும் வேலை. அவளுக்குக் கலியாணம் ஆகவில்லை. யாராவது வரன் பேச்சை எடுத்தால் வீட்டில் எல்லாருடைய குரலும் தாழ்ந்துவிடும். சித்திக்குக் கலியாணம் பிடிக்காது போல என்று நானாக ஒரு காரணம் வைத்திருந்தேன்.

கோயிலை ஒட்டிய கன்னியர் மடத்து சிஸ்டர் ஒருநாள் வீட்டுக்கு வந்தார். ஸ்பெயினில் தங்கள் சபை நடத்தும் முதியோர் இல்லத்துக்கு ஆள் எடுக்கிறார்களாம். கலியாணம் ஆகாதவராக, பிள்ளைகுட்டி இல்லாதவராக இருக்கவேண்டும். அந்த இல்லத்தின் தலைமை சிஸ்டர் வீடியோ காலில் இருபது கேள்வி கேட்பார். அவற்றுக்கு ஸ்பானிஷில் பதில் சொன்னால் போதும், மற்றதை அங்கே போய்க் கற்றுக்கொள்ளலாம் என்றார். கேள்விகள் அச்சடித்த தாள் ஒன்றையும் கொடுத்துவிட்டுப் போனார்.

சித்தி போனில் ஒரு ஆப் இறக்கினாள். அது சொல்லச் சொல்ல அவள் திரும்பச் சொல்ல வேண்டும். அவள் இரண்டாவது வார்த்தைக்குப் போவதற்குள் எனக்குப் பத்து வார்த்தை மனப்பாடம் ஆகிவிட்டது. அப்படித்தான் எனக்கு உத்தியோகம் கிடைத்தது. வீட்டிலிருந்த சாமான்கள் மேலெல்லாம் சீட்டு எழுதி ஒட்டினேன். மேசைக்கு மேசா. துவாலைக்குத் தோவாயா. நாங்கள் குசினி என்று சொல்லும் அடுப்படிக்குக் கொசீனா. துறைமுகத்துக்குக் கண்டெய்னர் லாரி ஓட்டிவிட்டு வந்த அப்பா, கழுத்தில் துவாலையோடு ஒவ்வொரு சீட்டாக வாசித்துப் பார்த்துச் சிரித்தார். “ஏளா, இதப் போயா படிக்கிய? எல்லாம் நம்ம வீட்டு வார்த்தையில்லா!”

வார்த்தைகள் வந்தன. பேச்சுத்தான் வரவில்லை. ஸ்பானிஷில் ‘இருக்கிறேன்’ என்பதற்கு இரண்டு சொற்கள் உண்டு. நீ யார் என்று சொல்ல ஒன்று, எப்படி இருக்கிறாய், எங்கே இருக்கிறாய் என்று சொல்ல இன்னொன்று. சித்தி இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து அலுத்து வந்து, தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, ஈரத்தலையைக் கோதிக்கொண்டே பதில் சொல்வாள். நான் நாற்காலியில் அமர்ந்து ஸ்கேலால் கைப்பிடியைத் தட்டுவேன்.

“கோமோ சே யாமா?” உங்கள் பெயர் என்ன? சொல்வாள்.

“எஸ்தா கசாதா?” கலியாணம் ஆகிவிட்டதா? இல்லை என்பாள்.

பதினான்காவது கேள்வி, “தியேனே ஈஹோஸ்?” பிள்ளைகள் உண்டா? ‘நோ தெங்கோ’, எனக்கு இல்லை என்று சொல்ல வேண்டும். தேங்காயை நினைத்துக்கொண்டால் தெங்கோ மறக்காது என்று அவளுக்கு வழிகூடச் சொல்லிக்கொடுத்திருந்தேன்.

சித்தி கோதுவதை நிறுத்தினாள். “சீ. ஊனா” என்றாள்.

ஆமாம், ஒன்று. அதுவும் பெண்பாலில் ஒன்று. எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. தப்பு சித்தி, இல்லைன்னு சொல்லணும் என்றேன். சரி என்று தலையாட்டினாள். மறுநாளும் கேட்டேன். மறுநாளும் அதே பதில்.

அன்று சாப்பிடும்போது, எல்லாரையும் சிரிக்கவைக்கலாம் என்று நினைத்து அதைச் சொன்னேன். “சித்திக்கு ஒண்ணுமே ஏறல. உங்களுக்குப் பிள்ளை உண்டான்னு கேட்டா, ஆமா, ஒரு பொம்பளப் பிள்ளைன்னு சொல்லுதா.”

ஒருவரும் சிரிக்கவில்லை. மீன் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்த அம்மாவின் கை அப்படியே நின்றது. குழம்பு தட்டைத் தாண்டிப் பாயில் வழிந்தது. எதற்கும் ஒரு கேலி வைத்திருக்கிற அப்பா பாதிச் சோற்றில் கை கழுவ எழுந்துபோனார். கெட்ட வார்த்தை ஏதும் சொல்லிவிட்டேனா என்று மனதுக்குள் ஒவ்வொரு சொல்லாகத் திருப்பிப் பார்த்தேன். அம்மா சித்தியைக் குசினிக்குள் இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள். “இதுக்கா இம்புட்டுப் பாடுபட்டோம்?” என்ற ஒரு வரி மட்டும் எனக்குக் கேட்டது.

வெளியே வந்த அம்மா என்னிடம் சொன்னாள்: “நீதான டீச்சர்? அந்தப் பதில நூறு வாட்டி எழுதச் சொல்லு.”

சித்தி எழுதினாள். பிள்ளைகள் கணக்குப் போடும் கட்டம் போட்ட நோட்டில், எனக்குப் பிள்ளைகள் இல்லை, எனக்குப் பிள்ளைகள் இல்லை என்று ஸ்பானிஷில் நூறு வரி. நான் பக்கத்தில் உட்கார்ந்து வரிசை எண் போட்டுக்கொடுத்தேன். முடிந்ததும் சிவப்பு மையில் ‘குட்’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

பேட்டி ஒரு சனிக்கிழமை மதியம் வந்தது. போனைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்திருந்தோம். சித்தி வெளுத்த நீலச் சேலையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். திரையில் விழாதபடி அவளுக்கு எதிரே நான். மறந்தால் உதட்டசைத்துச் சொல்ல வேண்டியது என் பொறுப்பு. அம்மா குசினி வாசலில் ஜெபமாலையோடு நின்றாள்.

தலைமை சிஸ்டர் வயதானவர். நிறுத்தி நிறுத்தி, குழந்தைக்குச் சொல்வதுபோலக் கேட்டார். பதின்மூன்று கேள்வியும் தடங்கலில்லாமல் போயின. இருக்கிறேன் என்ற இரண்டு சொற்களையும் சித்தி சரியான இடத்தில் போட்டாள். எனக்குப் பெருமை பொங்கியது.

“தியேனே ஈஹோஸ்?”

சித்தி போனைப் பார்க்கவில்லை. அதற்கு மேலாக என்னைப் பார்த்தாள். நான் ‘நோ தெங்கோ’ என்று உதட்டை அசைத்தேன்.

“சீ” என்றாள் சித்தி. “ஊனா. ஊனா ஈஹா.”

ஒரு மகள். நான் கற்றுக்கொடுக்காத ‘ஈஹா’வையும் எங்கிருந்தோ தேடிச் சேர்த்திருந்தாள். நூறு வரி! நூறு வரி எழுதியுமா? சிஸ்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அம்மா, “யேசுவே” என்றாள். எல்லாம் போயிற்று, வாத்தியார் சரியில்லாததால்தான் போயிற்று என்று நினைத்தேன். என்ன செய்கிறேன் என்று தெரியுமுன் போனுக்கு முன்னால் பாய்ந்துவிட்டேன்.

“நோ, எர்மானா! நோ தியேனே ஈஹோஸ். ஏயா எஸ் மி தியா!” இல்லை சிஸ்டர், அவளுக்குப் பிள்ளைகள் இல்லை, அவள் என் சித்தி.

சிஸ்டர் முதலில் திடுக்கிட்டார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். என் பெயரையும் வயதையும் கேட்டார், சொன்னேன். மூய் பியென், மிக நன்று என்றார். பிறகு சித்தியிடம் அந்தக் கேள்வியை இன்னும் மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக, மறுபடி கேட்டார். சித்தியின் தோள் கொஞ்சம் இறங்கியது.

“நோ தெங்கோ” என்றாள். அத்தனை சுத்தமான உச்சரிப்பு அவளிடம் அதற்கு முன் நான் கேட்டதில்லை.

கால் முடிந்ததும் அம்மா ஓடிவந்து கட்டிக்கொண்டாள். சித்தியை அல்ல, என்னை. வேலை கிடைத்துவிட்டது. அதிலிருந்து ஐந்தாம் மாதம் சித்தி விமானம் ஏறினாள்.

எனக்கு இருபத்தொரு வயதானபோது, கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம், முறுக்குப் பிழிந்துகொண்டே தலைநிமிராமல் அம்மா சொன்னாள்: “உன்னப் பெத்தது உங்க சித்திளா. பத்தொம்பது வயசு அவளுக்கு. கெட்டிக்கிடுதேன்னு சொன்னவன் கப்பலேறிப் போனான், திரும்பல. எங்களுக்கும் பிள்ளையில்ல. நாங்க வளத்தோம்.” முதலில் அழுகை வரவில்லை. முதலில் வந்தது அந்த நோட்டுத்தான். நூறு வரியும், அதன் கீழே என் கையெழுத்தும்.

ஸ்பெயினுக்குப் போன் போட்டேன். மற்றதைக் கேட்க வாய் வராமல், அன்றைக்கு ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று மட்டும் கேட்டேன். “நம்ம பாஷையில சொல்ல நாக்கு எழும்பல. அது இங்க யாருக்கும் தெரியாத பாஷைதான, ஒரு தடவையாவது சொல்லிப் பாப்போம்னு இருந்துச்சு” என்றாள். பிறகு, “உனக்குப் புரியும்ங்கதும் தெரியும்” என்றாள்.

எனக்குப் புரியத்தான் செய்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் அர்த்தம் தெரிந்திருந்தது.

பேட்டி முடிந்த அன்று சாயங்காலம் அப்பா எனக்குப் பிடித்த மக்ரூன் இனிப்பு வாங்கிவந்தார். நான் மூன்றாவதைத் தின்றுகொண்டிருந்தபோது சித்தி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். சிஸ்டரிடம் நான் கடைசியாகச் சொன்னதைத் திரும்பச் சொல்லச் சொன்னாள். சொன்னேன். மி தியா என்றால் என்ன என்று கேட்டாள். என் சித்தி என்றேன். சற்றுநேரம் கழித்து மறுபடியும் கேட்டாள். வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு, மி என்றால் என், தியா என்றால் சித்தி என்று பிரித்துப் பிரித்துச் சொன்னேன். அவள் உதட்டை மட்டும் அசைத்துச் சொல்லிப் பார்த்தாள், சத்தம் வரவில்லை. இவ்வளவு லேசான வார்த்தைகூட இன்னும் மனதில் நிற்கவில்லையே, இவள் அங்கே போய் எப்படிப் பிழைக்கப் போகிறாள் என்று எனக்கு ஒரே கவலையாக இருந்தது.