நிலாவோடு நிறுத்தியிருக்கலாம்

எங்கள் வெள்ளவத்தை ஃபிளாட்ஸில் லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒரு வைட்போர்ட். தண்ணீர் வெட்டு அறிவித்தல்களுக்காக மாட்டியது. அதன் மூலையில் தினமும் 'இன்று வரலாற்றில்' என்று ஆங்கிலத்தில் இரண்டு வரி எழுதுபவர் மூன்றாம் மாடி சிவபாலன் அண்ணை. சரித்திரம் படிப்பித்து ஓய்வு பெற்றவர்.

போன வாரம், ஜூலை 24. ஒரே வரிதான் இருந்தது. 1969 – சந்திரனுக்குப் போனவர்கள் பூமிக்குத் திரும்பினார்கள்.

அவ்வளவுதானா? கொழும்பில் இருந்துகொண்டு, இந்த நாளுக்கு நிலா மட்டுமா?

பத்தி எழுதுகிறவன் கை சும்மா இருக்குமா... மார்க்கரை எடுத்தேன். 1983 – கொழும்பில் இனக்கலவரம் தொடங்கியது. 2001 – கட்டுநாயக்க விமான நிலையத் தாக்குதல். தமிழருக்கு ஒன்று, சிங்களவருக்கு ஒன்று – நடுநிலை என்று ஒரு திருப்தி வேறு.

பேப்பர் வாங்கிக்கொண்டு திரும்பினால், சிவபாலன் அண்ணை உள்ளங்கையால் போர்டைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்.

"நீரோ எழுதினது?"

"ஓம் அண்ணை. நீங்கள் மறந்திட்டீங்களாக்கும் எண்டு..."

"மறக்கிறதோ? என்ர தம்பி அண்டைக்குப் பொரளைக்குப் போனவன். திரும்பி வரேல்லை."

கை துடைத்துக்கொண்டே இருந்தது.

"ஐஞ்சாம் மாடி குசுமாவின்ர மகன் எயார்ஃபோர்ஸ். அந்தத் தாக்குதலில போனவன். இண்டைக்கு அவ பூத்தட்டோட பன்சலைக்குப் புத்தரைக் கும்பிடப் போறவ. இந்த வழியாலதான் போகவேணும். அதுதான் ஐசே, நான் நிலாவோட நிப்பாட்டுறனான்."

"அவ பாத்திட்டாவோ?"

"பாத்திட்டா. அப்படியே லிஃப்டில திரும்பி மேல போயிட்டா."

அன்று பின்னேரம் ஐந்தாம் மாடிக்குப் போனேன். குசுமா அக்காவே கதவைத் திறந்தார். மேசையில் பூத்தட்டு அப்படியே இருந்தது. எனக்குத் தெரிந்த சிங்களத்தில் மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"மகனுடைய வருடத்தைப் பார்த்தேன்," என்றார் சிங்களத்தில். "மற்ற வருடத்தில் யாருடைய ஆள் போனது?"

சிவபாலன் அண்ணையின் தம்பி என்றேன்.

அவர் கதிரையில் உட்கார்ந்துவிட்டார். "ஒவ்வொரு வருடமும் இந்த நாளில் எனக்குப் பூ வாங்கித் தருகிறவர் அவர்தான். ஒரு நாளும் சொல்லவில்லையே."

நாளைக்குப் பன்சலைக்குப் போவாராம். இரண்டு பேருக்கும் சேர்த்துப் பூ வைக்க வேண்டுமாம்.

"மல்லிகே நம?" என்று கேட்டார். தம்பியின் பெயர் என்ன என்று.

வருடம் எனக்குத் தெரியும். இடம் தெரியும். பெயரைக் கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.