புரோபர்ட் பிடிக்காத பைப்

கார்வென் பள்ளத்தாக்கில் இறங்க ஒன்றரை மணி நேரம் போதும். ஏற நான்கு மணி நேரம் வேண்டும். மூன்று இரும்பு ஏணிகள், அட்டைகள் நெளியும் ஈரச் சரிவு, கடைசியில் சங்கிலியைப் பிடித்துத் தொங்கி ஏற வேண்டிய பாறை. எங்கள் நடைக் கழகத்தை இருபத்திரண்டு ஆண்டுகளாக அங்கே கூட்டிப்போனவர் லிண்ட்சே டிரெம்பத், ஓய்வுபெற்ற பிளம்பர். எந்த ஏணியில் எந்தப் படி ஆடும் என்பது அவருக்கு மனப்பாடம். கணுக்கால் முறிந்த ஒருவனை முதுகில் கட்டிக்கொண்டு மேலே வந்திருக்கிறார். கடைசி ஆள் வந்து சேரும்வரை தன் தேநீர்க் குடுவையைத் திறக்க மாட்டார்.

பள்ளத்தாக்கின் அடியில், பெரணிகளுக்கு நடுவே, பழைய நிலக்கரிச் சுரங்கத்தின் வாய். 1911இல் உள்ளே வாயு வெடித்து ஏழு பேர் செத்தார்கள். எங்கள் மதிய உணவு அங்கேதான். லிண்ட்சேயின் கதையும் அங்கேதான்.

“இவான் புரோபர்ட்னு ஒரு ஆளு. உள்ள வாயு நெறஞ்சு கெடக்கு, இவருக்குப் புகையிலை பைப்பப் பத்தவெச்சு ஒரு தம் போடணும்போல இருந்திருக்கு. நான் பிளம்பரு, பைப் சமாச்சாரம் எனக்குத் தெரியும். ஆனா இவ்ளோ மோசமா வெடிச்ச பைப்பை நானே பாத்ததில்லப்பா!”

ஆண்டுதோறும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

லிண்ட்சே ஊர்வம்பை நம்பிப் பேசுகிறவர் அல்ல. ஆரம்பத்திலேயே என்னிடம் கேட்டார்: “இது நெஜமா நடந்துதா, வில்மா?” நான் அப்போது வட்டார நூலகத்தில் வேலை பார்த்தேன். விசாரணை அறிக்கையைத் தேடி எடுத்து, முடிவுரையின் மூன்று பக்கங்களை நகலெடுத்துக் கொடுத்தேன். ‘புகைபிடித்தது காரணமாயிருக்கலாம்’ என்று அதில் இருந்தது. பாதிரியாரிடமும் அமைச்சரிடமும் ஆதாரம் எங்கே என்று கேட்டே பெயர் வாங்கியவள் நான்.

போன மே மாதம் நெரிடா காஸ்லி என்ற பெண் முதல்முறையாக வந்தாள். அறுபது வயதிருக்கும். முழங்கால் வலியோடு, ஆனால் நிற்காமல் இறங்கினாள். கதை முடிந்து எல்லோரும் சிரித்தபோது அவள் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள்.

“அவரு எங்க தாத்தா” என்றாள். “பைப்பைத் தொட்டதே இல்ல. புகையிலை மெல்லுவாரு. உள்ள நெருப்பு ஆகாதுன்னு பாதிப் பேரு அப்படித்தான். அறிக்கையப் படிச்சீங்களா?”

“படிச்சேனே.” லிண்ட்சே பையிலிருந்து அந்த மூன்று பக்கங்களை எடுத்தார்.

அவள் புரட்டிப் பார்த்தாள். “இது முடிவுரை. மிச்சம் நூத்திப் பத்து பக்கம் எங்க?”

அவளே சொன்னாள். காற்றை உள்ளே தள்ளும் விசிறி இரண்டு நாளாக நின்றிருந்ததாக மூன்று பேர் சாட்சி சொல்லியிருக்கிறார்கள். தாத்தாவின் உடலில் கிடைத்தவை: மடக்குக் கத்தி, அரைக் கட்டி மெல்லும் புகையிலை. தீக்குச்சி இல்லை. பைப் இல்லை. “பத்து நாள்ல பாட்டியக் கம்பெனி வீட்டவிட்டுத் துரத்துனாங்க. ஏழு பேரக் கொன்னவன் பொண்டாட்டின்னு கடைல மாவு குடுக்கல.”

விசிறியைப் பழுதுபார்க்காதவர்கள், பதில் சொல்ல முடியாத பிணத்தின்மேல் பழியைப் போட்டுவிட்டுத் தப்பித்தார்கள். அந்தக் கம்பெனி செத்து எழுபது ஆண்டுகள். அதன் பொய்யை, கூலிகூட வாங்காமல், ஆண்டுதோறும் சாண்ட்விச் தின்றபடி உயிரோடு வைத்திருந்தவர்கள் நாங்கள்.

ஏறத் தொடங்கினோம். சங்கிலிப் பாறையில் லிண்ட்சே மேலே நின்று கையை நீட்டினார். நெரிடா அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். வேறு வழி கிடையாது. பிடித்து ஏறினாள். அதன்பின் அவள் கழகத்துக்கு வரவில்லை.

லிண்ட்சே நூற்றுப் பதின்மூன்று பக்கங்களையும் வரவழைத்துப் படித்தார். இந்த மே மாதம் பதினான்கு பேர் இறங்கினோம். சுரங்க வாய்க்கு வந்ததும், கழகத்தின் பழைய உறுப்பினன் கிளைவ் எப்போதும்போல உற்சாகத்தோடு கத்தினான்: “லிண்ட்சே, பைப் கதைய எடுத்து விடு! புதுசா வந்தவங்க கேக்கட்டும்.”

“அது பொய், கிளைவ். ஒரு செத்த மனுஷன் மேல இத்தனை வருஷமா பழி போட்டிருக்கேன்.”

“விடுப்பா, சும்மா ஜோக்குதானே.”

“அவங்க வீட்ல யாரும் சிரிக்கல.”

விசிறி பற்றிய சாட்சியங்களையும் உடலில் கிடைத்த பொருட்களின் பட்டியலையும் நின்றபடி வாசித்தார். “மூணு பக்கத்தப் படிச்சிட்டு எல்லாம் தெரிஞ்ச மாதிரி பேசினேன். என் தப்பு” என்றார்.

அந்த மூன்று பக்கங்களைக் கொடுத்தது யார் என்று அவர் சொல்லவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை. நான் பைக்குள் குனிந்து, தேவைப்படாத தொப்பியைத் தேடினேன்.

இரண்டாவது ஏணியின் உச்சியில், கடைசி ஒருவரைத் தவிர மற்றவர்கள் முன்னே போனபின் அவரிடம் சொன்னேன்: “முழு அறிக்கையும் என் மேசை மேலதான் இருந்துச்சு, லிண்ட்சே. நானும் படிக்கல. தப்பு என்னோடதுதான்.”

கடைசி ஆள் ஏறி வருகிறாரா என்று கீழே பார்த்துக்கொண்டே அவர் சொன்னார்: “எங்கிட்ட எதுக்குச் சொல்ற? அங்க கீழ பதினாலு பேர் இருந்தோம்.”