தாங்களாகவே ஒதுங்குகிறவர்கள்

"நீங்கதான் மாறிக்கிறோம்னு சொல்லிட்டீங்களே, அப்புறம் என்ன?" என்று மாநகராட்சி அதிகாரி கேட்டபோது நான் இலை நறுக்கிக்கொண்டிருந்தேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "யார் சொன்னா?" என்றேன்.

ஸ்ரீரங்கம் சித்திரை வீதி ஓரத்தில் பலகை போட்டு வாழை இலை விற்கிறவன் நான். முசிறி பஸ்ஸில் வரும் கட்டுகளை விடியற்காலையில் இறக்கி, தலைவாழை இலை தனியாகவும் துண்டாக நறுக்கிய ஏடு தனியாகவும் அடுக்கி உட்கார்ந்தால் மத்தியானம் வரைக்கும் வியாபாரம் ஓடும். எனக்குப் பக்கத்தில் பூக்கூடையோடு ஓர் அக்கா உட்கார்ந்திருப்பார். நான் வருவதற்கு முன்பிருந்தே அங்கே இருக்கிறவர். எங்கள் இரண்டு பேருக்கும் அந்த இடத்தை விட்டால் வேறு பிழைப்பு இல்லை.

வீதியோரக் கடைகளை எல்லாம் ஆற்றுப் பக்கம் ஒரு காலி மனைக்கு மாற்றும் யோசனை இருக்கிறதாம். அங்கே ஆடு மாடுதான் போகும். இலையும் பூவும் வாங்க யார் போவார்கள்? அதிகாரியிடம் அதைச் சொன்னேன். அவர் சத்தம் போடவில்லை, பொறுமையாகத்தான் பேசினார். "ஒரு நிறுவனம் வந்து உங்களையெல்லாம் கேட்டு எழுதியிருக்கு. யாவாரிங்க தாங்களாவே மாறத் தயாரா இருக்காங்கன்னு போட்டிருக்கு. வெப்சைட்லயே இருக்குங்க, பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எந்த நிறுவனம் என்று கேட்கவே வேண்டியதில்லை. பொதுக் கொள்கையை ஆராய்கிறோம் என்று சென்னையிலிருந்து வந்தவர்கள். வந்தவர்களில் ஒரு பெண் நன்றாகத் தமிழ் பேசுவாள். என் சாக்கை விரித்து அதிலேயே உட்கார்ந்துகொண்டாள். நாங்கள் குடிக்கிற டீயைக் குடித்தாள். "உங்க குரல் மேல போகணும்ணா, அதுக்குத்தான் நாங்க இருக்கோம்" என்றாள். மற்ற கடைக்காரர்கள் வாயைத் திறக்க யோசித்தார்கள். நான்தான் ஒவ்வொரு கடையாக அவளைக் கூட்டிப்போய், "நம்ம வீட்டுப் பொண்ணு மாதிரிதான், தைரியமா சொல்லுங்க" என்றேன். ஊருக்குக் கிளம்பும்போது அவளுக்கு ஒரு கட்டு இலை கொடுத்தனுப்பினேன். காசு வாங்கவில்லை.

மத்தியானம் கோயில் நடை சாத்தியதும் வீதி அடங்கிவிடும். அந்த நேரத்தில் நானும் பூக்கார அக்காவும் என் போனில் அந்த வெப்சைட்டைத் திறந்தோம். நான் திருச்சியில் பாதிரியார்கள் நடத்தும் ஸ்கூலில் பன்னிரண்டாவது வரை படித்தவன். மெதுவாக இங்கிலீஷ் வாசிப்பேன். அக்காவுக்கு இங்கிலீஷ் தெரியாது.

திறந்ததுமே என் கைதான் வந்தது. சத்தியமாக என் கைதான். கத்தி பட்ட தழும்போடு, இலையை விரித்துப் பிடித்திருக்கிற கை. திரை முழுக்க அதைப் போட்டு, மேலே ஏதோ 'மக்களோடு சேர்ந்து' என்று எழுதியிருந்தார்கள்.

"ஏம்ப்பா, உன் கை சினிமா ஸ்டார் ஆயிடுச்சே. மூஞ்சிய விட்டுட்டாங்க பாரு, விவரமானவங்கதான்" என்றார் அக்கா.

"உங்க மூஞ்சியும் எங்கயாவது இருக்கும், பொறுங்க."

மூலையில் 'தமிழ்' என்று ஒரு பட்டன் இருந்தது. அழுத்தினால் தலைப்பு மட்டும் தமிழாகிறது. கீழே எல்லாம் அதே இங்கிலீஷ். மூன்று கோடு போட்ட இடத்தைத் தொட்டால் ஒரு பட்டியல் விழுந்தது. எங்களைப் பற்றி, எங்கள் கனவு, எங்கள் பயணம், எங்கள் குழு. ஆளாளுக்குக் கோட்டு போட்டுச் சிரிக்கிறார்கள். அந்தப் பெண்ணும் சிரித்துக்கொண்டு நிற்கிறாள், கீழே என்னென்னவோ படிப்பு. 'எங்கள்', 'எங்கள்' என்று இத்தனை இருக்கிறதே, எங்களைப் பற்றி எங்கே என்று தேடினேன். தேடும் கட்டத்தில் ஸ்ரீரங்கம் என்று தமிழில் அடித்தேன், ஒன்றுமில்லை என்றது. இங்கிலீஷிலும் அடித்தேன், ஒன்றுமில்லை என்றது.

"ஊரே இல்லையா? அப்ப எந்த ஊருக்கு வந்துட்டுப் போனாங்க?" என்றார் அக்கா.

வாழ்வாதாரம் என்ற தலைப்பில் பார்த்தேன். தொழிலாளர் என்ற தலைப்பில் பார்த்தேன். பெண்கள் என்ற தலைப்பிலும் பார்த்தேன். கடைசியில் எங்கே இருந்தது தெரியுமா? போக்குவரத்தில். பஸ் ஸ்டாண்டு, பார்க்கிங், பாலம் எல்லாம் போட்டிருக்கிற பக்கத்தில், 'ஒரு கோயில் நகரத்தின் தெருக்களை விடுவித்தல்' என்று. யாரிடமிருந்து விடுவிக்கிறார்கள் என்பது தலைப்பிலேயே புரிந்துவிட்டது. எங்களைக் காப்பாற்றத்தான் ஊர்ப் பெயரை மறைத்தார்களாம், அப்படி ஒரு குறிப்பு. ஆனால் அந்த அறிக்கையின் அட்டையிலேயே கோபுரம் தெரிய, அக்காவின் முகம் தெரிய ஒரு போட்டோ.

இறக்கிப் படிக்க வேண்டுமென்றால் இமெயில், நிறுவனம், பதவி எல்லாம் கேட்டது. நிறுவனம் என்ற இடத்தில் வாழை இலை என்று போட்டேன். பதவியில் விற்கிறவன் என்று போட்டேன். ஏற்றுக்கொண்டது.

மெதுவாக வாசித்துக்கொண்டே போனேன். கழிப்பறை இல்லை என்று சொன்னோமே, அது ஒரு வரியில் இருந்தது. வெயிலுக்கு மறைப்பு கேட்டோமே, அது இல்லவே இல்லை. நடுவில் கட்டம் கட்டி, பெரிய எழுத்தில் ஒரு வாசகம். 'நாங்களாகவே ஒதுங்கிவிடுவோம். யாரும் எங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.' கீழே, ஒரு பூ வியாபாரி.

தமிழில் சொன்னேன். அக்கா கையிலிருந்த பூவைக் கூடையில் போட்டார். "நான் சொன்னதுதான்ப்பா அது. ஆனா அது பெருமாள் புறப்பாட்டுக்குல்ல சொன்னேன்!"

எனக்கும் நினைவிருந்தது. நானும் அங்கேதான் இருந்தேன். "தேவைப்பட்டா இடம் மாறுவீங்களாக்கா?" என்று அந்தப் பெண் கேட்டாள். உற்சவ நாளில் பெருமாள் வீதிவலம் வரும்போது எங்களை யாரும் விரட்டத் தேவையில்லை. தூரத்தில் மேளச் சத்தம் கேட்டதுமே பலகையை மடக்கி, கூடையைத் தூக்கி, தரையில் தண்ணீர் தெளித்துவிட்டுச் சுவரோரம் போய் நின்றுகொள்வோம். அது இந்த வீதியின் வழக்கம். சேவித்துவிட்டு, பெருமாளின் குடை வீதி முனையில் திரும்பியதும் பழைய இடத்தில் உட்கார்ந்துவிடுவோம். அக்கா அதைத்தான் சொன்னார். "நாங்களாவே ஒதுங்கிடுவோம்மா, யாரும் சொல்ல வேணாம். அவர் அந்தாண்ட போனதும் இந்தாண்ட உக்காந்துருவோம்" என்று கையை ஆட்டிச் சிரித்தார். முதல் பாதியை மட்டும் கட்டம் கட்டிவிட்டார்கள்.

அங்கிருந்தே அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டேன். "அண்ணா! எப்டி இருக்கீங்க?" என்று சந்தோஷமாகத்தான் எடுத்தாள்.

"பெருமாளை எங்கம்மா வச்சீங்க? அக்கா சொன்னதுல பாதியக் காணோம்."

"நான் முழுசாத்தாண்ணா எழுதிக் கொடுத்தேன். மேல சுருக்குனாங்க. முழுப் பேச்சும் பின்னிணைப்புல இருக்கு, பாருங்க" என்றாள்.

பார்த்தேன். பின்னிணைப்பு என்று நீல எழுத்தில் இருந்தது. தொட்டால், இந்தப் பக்கம் இல்லை என்று வந்தது. சொன்னேன். "சரி பண்ணச் சொல்றேண்ணா. நீங்க கருத்துப் பகுதியில ஒரு வரி போட்டுடுங்க, அது நேரா அவங்களுக்குப் போகும்" என்றாள். என் சாக்கில் உட்கார்ந்து எழுதியவள், என்னை மனுப் போடச் சொல்கிறாள்.

"சுருக்குனத அச்சுல பாத்ததும் ஒரு போன் போட்டிருக்கலாம்ல?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டேன். கருத்தும் போட்டேன். எங்கள் பணியில் ஆர்வம் காட்டியதற்கு நன்றி என்று ஒரு நொடியில் பதில் வந்தது. அதற்கப்புறம் ஒன்றும் வரவில்லை.

அதிகாரியைப் போய்ப் பார்த்து நடந்ததைச் சொன்னோம். "நீங்க சொல்றது நிஜமா இருக்கலாம். ஆனா எனக்கு மேல இருக்கறவங்க கையில அந்த ரிப்போர்ட்தானே இருக்கு" என்றார். எழுதிக் கொடுத்துவிட்டு வந்தோம். முடிவு இன்னும் தெரியவில்லை.

அந்த வாரமே உற்சவம். மேளம் கேட்டது. எல்லோரும் எழுந்தார்கள். அக்கா எழவில்லை. கூடையில் கையை வைத்துக்கொண்டு, "தூக்கவாப்பா, வேணாமா?" என்று என்னைக் கேட்டார். அத்தனை வருஷத்தில் அவர் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை.

"தூக்குங்கக்கா. பெருமாள் என்ன பண்ணுவாரு பாவம்" என்றேன்.

தூக்கினோம். தண்ணீர் தெளித்தோம். சுவரோரம் நின்றோம். யானை போனது, தீவட்டி போனது. பெருமாள் எங்கள் எதிரே வந்தபோது அக்கா கைகூப்பிக் கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். நான் பெருமாளைச் சேவிக்கவில்லை. கூட்டத்தில் யார் யார் போனைத் தூக்கிப் பிடித்திருக்கிறார்கள், அதில் எத்தனை பேர் எங்கள் காலி இடத்தைப் படம் எடுக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். குடை முனை திரும்புவதற்கு முன்பே பலகையைக் கொண்டுபோய்ப் போட்டேன்.

"யோவ், பெருமாள் இன்னும் தாண்டலய்யா, அப்படி என்ன அவசரம்?" என்று யாரோ கத்தினார்கள். நான் பலகையின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.