தளபதியின் தோளில் ஒரு கை

ஓசூரில் ஒரு பேக்கரியின் மேல்மாடியில் இருக்கும் வீடியோ கேம் கம்பெனியில் கதை எழுதுகிறேன். மத்திகிரியில் எங்கள் தெருக்காரர்களிடம் இதைச் சொன்னால், "அது சரி, வேலை எங்க?" என்பார்கள்.

மலைக்கோட்டைப் போர் ஒன்றை எழுதச் சொன்னார் முதலாளி. பெங்களூரிலிருந்து தினமும் எல்லை தாண்டி வரும் கன்னடக்காரர். தளபதி சாகும் காட்சியைப் படித்துவிட்டு, "ரொம்ப சோகம். ஸ்வல்ப காமெடி போடுங்க. ஆனா அழுகையும் வரணும்," என்றார், சாம்பாரில் உப்புக் குறைவு என்பது போல. போட்டேன். நெஞ்சில் ஈட்டியோடு தளபதி எதிரியின் மீசையைக் கிண்டல் செய்தார். "இப்ப அழுகையே வரலையே," என்றார் முதலாளி.

அந்தச் சமயத்தில் அப்பா நெஞ்சுவலியோடு ஆஸ்பத்திரியில் இருந்தார். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அதே காட்சியைத் திருத்திக்கொண்டிருந்தேன். படித்துக் காட்டச் சொன்னார். கண்ணை மூடிக் கேட்டவர், "இன்னும் சாகலையா அவன்?" என்றார்.

"இல்லப்பா, பேசிட்டிருக்கான்."

"இவ்வளவு பேசறவனை டிஸ்சார்ஜ் பண்ணி அனுப்பிடுவாங்கம்மா."

பக்கத்துக் கட்டில்காரர் சிரித்துவிட்டு, தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டார். நர்ஸ் வந்து என்னைத்தான் திட்டினார்.

அந்த வாரமே அப்பா போய்விட்டார். வசனம் எதுவும் பேசவில்லை.

தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ் கட்டினார்கள். அண்ணன் அவசரத்தில் ஒரு பழைய கல்யாண குரூப் போட்டோவை அனுப்பியிருக்கிறான். ஃபிளெக்ஸ் கடைக்காரர் அப்பாவை மட்டும் வெட்டி எடுத்து, பின்னால் மேகமும் புறாவும் வைத்திருந்தார். அப்பாவின் தோளில் மட்டும் யாருடையதோ ஒரு கை மணிக்கட்டோடு மிச்சமிருந்தது.

"கர்த்தரோட கை," என்றார் சர்ச்சிலிருந்து வந்த அத்தை ஒருவர்.

"வாட்ச் கட்டியிருக்காரே," என்றார் ஆட்டோக்காரர்.

அப்போதுதான் சூளகிரியிலிருந்து சித்தப்பா வந்தார். அப்பாவும் அவரும் ஒரே தொழிற்சாலையில் இருந்தவர்கள். வேலைநிறுத்தம் நடந்தபோது அப்பா கேட்டுக்கு வெளியே நின்றார், சித்தப்பா உள்ளே போனார். அதிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை. ஃபிளெக்ஸைப் பார்த்துக்கொண்டே நின்றவர், "அது என் கைம்மா," என்றார். "என் கல்யாணத்துல எடுத்த போட்டோ." அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார்.

ஆட்டோக்காரர் ஃபிளெக்ஸைப் பார்த்து, "சாரிங்க," என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஷாலால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினேன். பெண்கள் முதுகைத் தடவிக் கொடுத்து, சோடா வாங்கிவரச் சொன்னார்கள். பாதி சோடா குடிப்பதற்குள் நிஜமாகவே அழுதுகொண்டிருந்தேன்.

வேலைக்குத் திரும்பியதும் தளபதியின் கடைசிப் பேச்சு முழுவதையும் அழித்தேன். அவர் பேசாமலே சாகட்டும். அவருடைய படத்தைப் பாசறையில் மாட்டுகிறார்கள். தோளில் ஒரு கை மிச்சமிருக்கிறது. யார் கை என்று வீரர்கள் சண்டை போடுகிறார்கள். எதிரிப் படைத்தலைவன் வந்து, "என்னுடையது," என்கிறான். துக்கத்தில் நிற்கும் வீரன் ஒருவன் சிரித்துவிடுகிறான்.

சோதித்துப் பார்க்கும் பிரிவிலிருந்து உடனே பிழை அறிக்கை வந்தது: "படத்தில் ஒரு கை அதிகம். நீக்கவும்."

"சாவு வீட்ல யாராவது சிரிப்பாங்களா? நம்பற மாதிரி இல்லையே," என்றார் முதலாளி. நடந்ததைச் சொன்னேன். கேட்டவர், தன்னுடைய அப்பா இறந்தபோது பேண்டு வாத்தியக்காரர்கள் வீடு மாறி, அடுத்த தெருவில் சீமந்த வீட்டு வாசலில் நின்று வாசித்த கதையைச் சொல்லிச் சிரித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கீழே போய் இரண்டு பப்ஸ் வாங்கிவந்து ஒன்றை எனக்குக் கொடுத்தார். கை நீக்கப்படவில்லை.

கேம் வெளியானது. சோகத்தையும் சிரிப்பையும் சரியாகக் கலந்தது தன்னுடைய யோசனை என்று முதலாளி எல்லோரிடமும் சொல்லி வருகிறார். போன வாரம் அடுத்த போரை எழுதச் சொல்லிவிட்டார்.

"இதே மாதிரி உருக்கமா இருக்கணும். ஆனா யாரும் சாகக் கூடாது. குழந்தைங்க விளையாடறாங்க."