பதினான்கு புள்ளி மூன்று கை

எழுபதுகளில் பொம்மிடியில் ஆசிரியையாக இருந்தேன். ஸ்டேஷனில் ஜட்கா என்னும் குதிரை வண்டி ஓட்டிய காதர் பாய், டவுன் பஸ் வந்தபின் சவாரி கிடைக்காமல் தவித்தார். அப்போது பெங்களூரில் குதிரையேற்றம் கற்றுத்தரும் ஓர் இடத்திலிருந்து அவருக்குக் கடிதம் வந்தது. குதிரை 148 சென்டிமீட்டருக்குக் குறையாமல் இருந்தால் அதை வாங்கிக்கொண்டு, பராமரிக்க அவரையும் வேலைக்கு வைப்பார்களாம்.

கால்நடை மருத்துவர் தந்த சீட்டைக் கணக்குப் பார்த்துச் சொல்லும்படி என்னிடம் கொண்டுவந்தார்; அதில் குதிரையின் உயரம் ‘14.3 கை’ என்றிருந்தது. குதிரையை அளக்கும் கணக்கில் ஒரு கை நான்கு அங்குலம், அதாவது 10.16 சென்டிமீட்டர். பெருக்கிப் பார்த்து, “நூத்தி நாப்பத்தஞ்சுதான் வருது பாய், தேறாதுங்க” என்றேன்.

“டீச்சரம்மா சொன்னா சரியாத்தான் இருக்குமுங்க” என்றவர், மறுவாரமே குதிரையைச் செங்கல் சூளைக்கு விற்றார். பாரம் இழுத்தே அது செத்துப்போனது.

பிறகுதான் மருத்துவர் சொன்னார், புள்ளிக்குப் பின்னால் இருந்தது மூன்று அங்குலமாம். பதினான்கு கை மூன்று அங்குலம் என்றால் கிட்டத்தட்ட 150 சென்டிமீட்டர்! ஓடிப்போய்ப் பாயிடம் சொல்லி அழுதேன்.

“இத எதுக்குங்க இப்ப வந்து சொல்றீங்க?” என்று மட்டும் கேட்டார்.

இன்று யார் எந்த அளவைக் கணக்குப் போடக் கொண்டுவந்தாலும், எழுதியவரிடமே விளக்கம் கேட்டுவரச் சொல்கிறேன். அதன் பிறகும், விடை சொல்ல வாய் வருவதில்லை.