ஒட்டில்லாத இமைகள்

கிருஷ்ணகிரியில் கோயில் வாகனங்கள் செய்து பிழைத்துவந்த எனக்கு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில்தான் ஓசூர்ப் பக்கத்து மாதா கோயில் வேலை வந்தது. சிலுவையிலிருந்து இறக்கிக் கிடத்தும் இயேசு, ஆள் உயரம், தேக்கில். பெரிய வெள்ளிக்குள் வேண்டும். வர்ணம் வேண்டாம், எண்ணெய் போதும் என்றார் பங்குச் சாமியார்.

கண்ணில்தான் தகராறு. எங்கள் தொழிலில் கடைசி உளி கண்ணுக்கு. கண் திறக்காத உருவம் பட்டறையை விட்டுப் போனால் செய்தவன் வீட்டுக்கு ஆகாது. சாமியார் சிரித்தார்.

"ஆசாரியாரே, இவரு செத்துப்போனவரு. கண்ணு மூடித்தான் இருக்கணும்."

என் மனைவிக்கு அப்போது ஆறாம் மாதம். அதற்கு முன் இரண்டு தங்கவில்லை. விஷயத்தைக் கேட்டதும் பயந்துவிட்டாள். ஆனால் அவளும் ஆசாரி வீட்டுப் பெண்; வழியையும் அவளே சொன்னாள்.

"ஏங்க, மொதல்ல கண்ணத் தொறந்தே செதுக்கிடுங்க. அப்புறம் மெல்லிசா மரத்த இழச்சி, இமையா மேல ஒட்டிடுங்க. பாக்கறவங்களுக்கு மூடியிருக்கும். நமக்குத் தொறந்ததாச்சி."

அப்படியே செய்கிறேன் என்று சத்தியம் செய்தேன்.

தோள்மூட்டு என் உயிரை வாங்கியது. சிலுவையிலிருந்து இறக்கும்போது கைகள் மடங்க வேண்டும். தோல் வைத்து மாட்டினால் ஒரு கை தொங்கியது, மறு கை விறைத்து நின்றது. அதிலேயே மூன்று மாதமும் போய்விட்டது. பசை காய இரண்டு நாளாவது வேண்டும், இருந்ததோ ஒரு பகல். மூடிய இமையாகவே ஒரே மரத்தில் செதுக்கி லாரியில் ஏற்றினேன். அழகாக வந்திருந்தது, அந்தக் கர்வம் வேறு.

"நீ சொன்ன மாதிரியே செஞ்சிட்டேன்" என்றேன் வீட்டில். அன்று அவள் வயிறு நிறையச் சாப்பிட்டாள்.

பத்தாம் நாள் குழந்தை பிறந்தது. ஆண். கண் திறக்கவே இல்லை. மருத்துவச்சி தட்டித் தட்டிப் பார்த்து ஓய்ந்துபோனாள். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று என்னை நானே எத்தனையோ முறை கேட்டுவிட்டேன். இன்னும் கேட்கிறேன்.

"நாம ஒரு கொறையும் வெக்கல. அப்பிடியும் இப்பிடி ஆயிடுச்சே" என்று அந்த வருஷம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. கோழை.

மறு வருஷம் பெரிய வெள்ளியன்று சிலையைப் பார்க்க வேண்டும் என்றாள். கூட்டிப்போனேன். ஜனங்கள் வரிசையாக வந்து பாதத்தை முத்தமிட்டார்கள். இவள் மட்டும் தலைமாட்டுக்குப் போனாள். துடைத்துவிடுபவள் போல இமையில் விரலை வைத்தாள். பிறகு நகத்தால் அதன் ஓரத்தைத் தடவினாள். எவ்வளவு இழைத்தாலும் ஒட்டுப் போட்ட இடம் நகத்துக்குத் தெரியும். அடுத்த கண்ணையும் தடவிப் பார்த்தாள்.

திரும்பினோம். பஸ் குந்தாரப்பள்ளி தாண்டும்போது வெயில்படாமல் என் பக்கம் ஜன்னலை மூடிவிட்டாள். வீட்டுக்கு வந்து சோறு போட்டாள்.

ஒரு குறையும் வைக்கவில்லை என்று அதற்குப் பிறகு அவள் சொன்னதே இல்லை.